கடந்தநிலையும் உள்ளுறைநிலையும்: சுவிசேஷ இறையியல் பற்றிய ஒரு நோக்கு

கடவுள் உலகிற்கு அப்பாற்பட்டவரா, அன்றி உலகினுள் உறைபவரா என்னும் வினா மிகப் பழையது. கிறிஸ்தவ இறையியலில் முன்னதைக் கடந்தநிலை எனவும் பின்னதை உள்ளுறைநிலை எனவும் குறிப்பிடலாம். வெறும் தத்துவ விசாரமாகத் தோன்றும் இப்பிரச்சினை சமூக வரலாற்றோடு எத்துணை நெருங்கிய தொடர்புடையது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுவிசேஷ இறையியல் விவிலியத்தையே இறுதி ஆதாரமாகக் கொள்வது. அதன்படி கடவுள் படைத்தவர், உலகம் படைக்கப்பட்டது. இவ்வேறுபாடு ஒருபோதும் அழிவதில்லை. ஆயின் கடந்தநிலை தொலைவைக் குறிப்பதன்று. உன்னதத்தில் வாசம் செய்பவரே மனம் நொறுங்கியோருடனும் வாசம் செய்கிறார் என்பது ஏசாயா நூல் 57ஆம் அதிகாரத்தின் கருத்து. கடந்தநிலையை மட்டும் வற்புறுத்தின், உலகைப் படைத்து ஒதுங்கிய கடவுளே எஞ்சுவார்; உள்ளுறைநிலையை மட்டும் வற்புறுத்தின், கடவுளுக்கும் உலகிற்குமிடையிலான வேறுபாடு மறையும்.

19ஆம் நூற்றாண்டு ஜேர்மானியப் புரட்டஸ்தாந்த இறையியலின் செல்வாக்குமிக்க ஒரு பிரிவு இரண்டாவது திசையிற் சென்றது. ஷ்லையர்மாக்கர் 1799இல் வெளியிட்ட சமயம் பற்றிய உரைகளில், சமயத்தின் இருப்பிடத்தை மனிதனின் உள்ளுணர்விற் கண்டார். பின்வந்தோர் கடவுளின் அரசை மனிதரின் ஒழுக்க, பண்பாட்டு வளர்ச்சியுடன் பிணைத்தனர். பண்பாட்டினுள் கடவுளைக் கண்டோர்க்கு அப்பண்பாட்டைக் கண்டிப்பது அரிதாயிற்று. 1914 ஒக்ரோபரில் ஜேர்மனியின் போர்ச் செயல்களை நியாயப்படுத்தி 93 அறிஞர் விடுத்த அறிக்கையில் ஹார்னாக், ஹெர்மன் ஆகிய இறையியலாளரும் ஒப்பமிட்டிருந்தனர்.

அவ்விருவரிடமும் பயின்ற கார்ள் பார்த், அப்பொழுது சுவிற்சர்லாந்தின் சாஃபன்வில் என்னும் தொழிற்சாலைக் கிராமத்திற் போதகராயிருந்தார். தொழிலாளர் பக்கம் நின்ற அவர் 1915இல் சமூக சனநாயகக் கட்சியிற் சேர்ந்தார். உரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விரிவுரை 1919இலும், முற்றாகத் திருத்தப்பெற்று 1922இலும் வெளிவந்தது. கடவுள் மனிதப் பண்பாட்டின் உச்சியல்லர். அதனின்று முற்றிலும் வேறானவர், அதற்குத் தீர்ப்பளிப்பவர் என்பதே அதன் சாரம். 1934இல், திருச்சபையை ஆட்கொள்ள முயன்ற நாசிக் கொள்கையை மறுத்த பார்மன் பிரகடனத்தைப் பெரிதும் வரைந்தவர் அவரே. எனினும், தமது தொடக்ககால வாதம் ஒருபக்கஞ் சாய்ந்திருந்ததை 1956ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் அவரே ஒப்புக்கொண்டமை மனங்கொள்ளத்தக்கது.

ஜேர்மன் மொழியிற் புரட்டஸ்தாந்தத்தைப் பொதுவாகச் சுட்டும் ‘சுவிசேஷ’ என்ற அடை, ஆங்கில உலகில் தனியொரு இயக்கத்தைச் சுட்டும். அவ்வியக்கம் எதிர்நோக்கிய இடர்ப்பாடு வேறானது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க அடிப்படைவாதிகள் பலர், தாராளவாத இறையியலுக்கு அஞ்சிச் சமூகச் சீர்திருத்தத்தையுங் கைவிட்டனர். கிறிஸ்துவின் வருகை அண்மித்துள்ளதாகையால் உலகைத் திருத்துதல் வீண் என்ற எண்ணமும் அதற்கு உதவிற்று. இப்போக்கினை அவ்வணியைச் சேர்ந்த கார்ள் ஹென்றி 1947இல் வெளியிட்ட நூலிற் கடுமையாக விமர்சித்தார். 1974இல் லொசான் நகரிற் கூடிய உலக மாநாட்டின் உடன்படிக்கை, கடவுள் மனிதர் அனைவரையும் படைத்தவரும் அனைவருக்கும் நீதிபதியுமாவார் என்ற அடிப்படையிற் சமூக நீதியைக் கடமையாக ஏற்றது. முன்னைய புறக்கணிப்பிற்காக மனம் வருந்தியது. அதேவேளை அரசியல் விடுதலையே இரட்சிப்பு ஆகாதென்றும் வரையறுத்தது.

1992இல் ஸ்ரான்லி கிறென்ஸ், றொஜர் ஒல்சன் என்னும் சுவிசேஷ இறையியலாளர் இருவர், 20ஆம் நூற்றாண்டு இறையியல் முழுவதையும் இவ்விரு நிலைகளின் சமநிலைத் தேடலாகவே எழுதினர். ஆயின் அச்சமநிலை நூல்களில் மாத்திரம் எய்தப்படுவதன்று என்பதை மேற்கூறிய வரலாறு உணர்த்துகின்றது. கடந்தநிலை மறக்கப்பட்டபோது கடவுள் தேசத்தின் கொடியோடு சேர்த்துக் கட்டப்பட்டார். உள்ளுறைநிலை மறக்கப்பட்டபோது தொழிலாளியின் பசி சமயத்திற்குப் புறம்பான விடயமாயிற்று. அதிகாரத்திற்கு மேலாக நின்று தீர்ப்பளிப்பவரே ஒடுக்கப்பட்டோர் நடுவிலும் நிற்கிறார் என்ற இரட்டைக் கூற்றை எந்த அளவிற்கு நடைமுறையில் ஏற்கின்றதோ, அந்த அளவிற்கே இவ்விறையியல் உயிர்ப்புடையதாகும். அதனை மதிப்பிட விழையும் முற்போக்கு வாசகரும் இவ்வளவுகோலையே கைக்கொள்ளலாம்.