கிளிப்பிங் காசும் சுவீடன் சீர்திருத்தமும்

சீர்திருத்தக் கால வரலாற்றில் விசுவாச அறிக்கைகளை நாம் கருத்தாய் ஆராய்கிறோம். மக்கள் கையில் புழங்கிய காசுகளையோ அரிதாகவே நோக்குகிறோம். 16ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கிலும் சுவீடனிலும் வழங்கிய 'கிளிப்பிங்' என்னும் சிறு காசு நம் சிந்தனைக்குரியது.

கத்தரித்தல் என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது இப்பெயர். உலோகத் தகட்டைக் கத்தரியால் சதுரமாக வெட்டி, அதன்மேல் முத்திரை பதித்தனர். வட்டக் காசு செய்வதைவிட இது விரைவான வேலை. வெள்ளியுடன் செம்பு மிகுதியாகக் கலக்கப்பட்டது. டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்தியான் 1518 முதல் இத்தகைய காசுகளை வெளியிட்டார். சுவீடன்மீது தொடுத்த போருக்கும் கூலிப்படையினரின் ஊதியத்திற்கும் அவருக்குப் பணம் தேவைப்பட்டது.

அவரை எதிர்த்தெழுந்த குஸ்தாவ் வாசாவும் அதே வழியையே பின்பற்றினார். 1521இல் தொடங்கிய விடுதலைப் போரின்போது அவரும் தரங்குறைந்த கிளிப்பிங்குகளை அடித்தார். 1523இல் அவர் அரசரானபின் அக்காசுகள் மதிப்பிழந்தன. இதனால் நட்டமடைந்தோர் யார்? விளைபொருளைக் கொடுத்து, அரச முத்திரையை நம்பி அக்காசைப் பெற்ற எளியோரே.

போரில் கப்பலும் பணமும் தந்துதவிய லூபெக் நகரத்திற்குத் தீர்க்கவேண்டிய கடனோ எஞ்சியிருந்தது. தரங்குறைந்த காசை அயல்நாட்டார் ஏற்கமாட்டார்கள். ஆகவே அரசரின் பார்வை திருச்சபையின் செல்வத்தின்மேல் விழுந்தது. 1527இல் வெஸ்தெரோஸில் கூடிய மாமன்றம், ஆயர்களின் கோட்டைகளையும் திருச்சபையின் 'மிகுதி' வருவாயையும் அரசருக்கு உரியதாக்கியது. தேவவசனம் தூய்மையாகப் பிரசங்கிக்கப்பட வேண்டும் என்றும் முடிவு செய்தது. 1531இல் கடன் தீர்ப்பதற்காக ஆலய மணிகள் கோரப்பட்டன. முன்பு குஸ்தாவுக்குத் துணைநின்று போரிட்ட டாலார்னா மக்களே இப்போது கிளர்ந்தெழுந்தனர். 1533இல் அக்கிளர்ச்சி அடக்கப்பட்டு, தலைவர்கள் சிலர் கொல்லப்பட்டனர்.

அப்படியாயின் சுவீடன் சீர்திருத்தம் கருவூலத்தின் தந்திரம் மட்டும்தானா? அன்று. ஓலாவுஸ் பெத்ரி ஸ்டாக்ஹோமில் ஆற்றிய பிரசங்கமும், 1526இல் சுவீடிஷ் மொழியில் வெளிவந்த புதிய ஏற்பாடும் மெய்யான ஆவிக்குரிய தாகத்தின் கனிகளே. ஆயினும் அரசனின் பணத்தேவையும் மெய்யே. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது வரலாறாகாது.

தமிழில் நாணயம் என்னும் சொல் காசையும் நேர்மையையும் ஒருங்கே குறிக்கும். கள்ளத்தராசைக் கண்டித்த ஆமோஸ் தீர்க்கதரிசியின் குரல் (ஆமோஸ் 8:5) வணிகருக்கு மட்டுமன்று, அரசருக்கும் உரியது. அரசின் துணையால் திருச்சபை நன்மையடையும் வேளையிலும், அத்துணையின் விலையைச் செலுத்துவோர் யாரென்று கேட்பது போதகராகிய நம் கடமையாகும்.