ஒரு புழுவும் இரு பெயர்களும்

பொருள்களின் பெயர்களையெல்லாம் இறைவன் ஆதம் (அலை) அவர்களுக்குக் கற்பித்தான் எனத் திருமறை கூறும். விலங்குகளின் இளமைப் பெயர்களை வகுத்து, இன்னதற்கு இன்ன பெயரே மரபு என மரபியலில் வரையறுத்தவர் தொல்காப்பியர். பெயரறிவு பொருளறிவின் வாயில் என்பதை இவ்விரண்டும் உணர்த்துகின்றன. கண்ணுக்கு எளிதில் புலனாகாத ஒரு புழுவின் உரிய பெயரைக் காண அறிவியலார் பட்ட பாடு இவ்வுண்மைக்கு நல்லதொரு சான்றாகும்.

மடிந்த பைன் மரங்கள்

ஜப்பான் நாட்டின் நாகசாகி வட்டாரத்தில் 1905ஆம் ஆண்டளவில் பைன் மரங்கள் காரணம் புலப்படாமல் பட்டுப்போயின. கோடையில் பசுமையாக நின்ற மரத்தின் ஊசியிலைகள் இலையுதிர் காலத்திற்குள் செம்பழுப்பாகிவிடும். மடிந்த மரத்தின் பட்டையை உரித்தபோது அங்கே வண்டுகள் காணப்பட்டன. ஆகவே பட்டையைத் துளைக்கும் வண்டுகளே மரத்தைக் கொல்கின்றன எனப் பல்லாண்டுகள் கருதப்பட்டது.

1971இல் கியோஹாரா, தொகுஷிகே என்னும் இருவர் மடிந்த மரத்தில் கிடைத்த நூற்புழுக்களை நலமான பைன் மரங்களுக்குள் செலுத்தினர். அம்மரங்களும் மடிந்தன. வண்டு கொலைஞன் அன்று, கொலைஞனைச் சுமக்கும் வாகனமே என்பது அதன்பின் தெளிவாயிற்று. நீள்கொம்பு வண்டு இளங்கிளைகளின் பட்டையைக் கடித்துத் தின்னும்போது, அதன் மூச்சுக்குழல்களில் தங்கியிருக்கும் ஆயிரக்கணக்கான புழுக்கள் அக்காயத்தின் வழியே மரத்தினுள் நுழைகின்றன.

இனங்காணும் முறை

இப்புழு எவ்வினத்தைச் சார்ந்தது என்பதே அடுத்த வினா. மரச்சீவல்களை மெல்லிய தாளில் பொதிந்து நீர் நிரம்பிய புனலில் வைப்பர். புழுக்கள் நழுவி அடியில் திரளும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே உடையது. அவற்றை மெல்லச் சூடேற்றிக் கொன்று, கிளிசரினில் பதித்து, நுண்ணோக்கியில் அளப்பர். வாயிலுள்ள ஊசியின் நீளம், உடலின் நீள அகல விகிதம், பெண்புழுவின் பிறப்புறுப்பை மூடும் மடல், ஆண்புழுவின் புணர்ச்சி முள்ளின் வடிவு, வாலின் நுனி ஆகியன முதன்மை அடையாளங்கள். ஒரு புழுவை மட்டும் அளந்தால் போதாது. பல புழுக்களை அளக்க வேண்டும். முன்னோர் விவரித்த இனங்கள் அனைத்தோடும் ஒப்பிட்ட பின்னரே ‘புதிது’ எனல் தகும்.

இவ்வாறு ஆராய்ந்து, 1972இல் மாமியாவும் கியோஹாராவும் ‘பர்சபெலங்கஸ் லிக்னிகோலஸ்’ என்னும் புதிய இனமாக இதனை அறிவித்தனர். ‘மரத்தில் வாழ்வது’ என்பது அச்சொல்லின் பொருள்.

பழைய பெயர்

ஆயினும் 1934ஆம் ஆண்டிலேயே ஸ்டைனர், பூரர் என்னும் இருவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்து மரக்கட்டையில் கண்ட நூற்புழு ஒன்றை விவரித்திருந்தனர். ‘மரத்தை நேசிப்பது’ எனப் பொருள்படும் ‘சைலோபிலஸ்’ என்று அதற்குப் பெயர் சூட்டி, வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தனர். 1970இல்தான் நிக்கிள் என்பார் அதனைப் பர்சபெலங்கஸ் பேரினத்திற்கு மாற்றினார். வெட்டிய கட்டையில் காளான் தின்று வாழும் அப்புழுவைக் கொடிய நோய்க்கிருமியென அன்று எவரும் எண்ணவில்லை.

1979இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் மடிந்த பைன் மரமொன்றில் நூற்புழுக்கள் கண்டறியப்பட்டன. ஒப்பாய்வு மீண்டும் தொடங்கியது. ஜப்பானியப் புழுவும் அமெரிக்கப் புழுவும் ஒன்றே என 1981இல் முடிவாயிற்று. முந்திய பெயரே செல்லும் என்பது விலங்குப் பெயரீட்டு விதி. ஆகவே ‘லிக்னிகோலஸ்’ மறைந்து ‘சைலோபிலஸ்’ நிலைத்தது.

பெயர் தந்த பயன்

பெயர் ஒன்றானதும் புழுவின் பிறப்பிடமும் புலனாயிற்று. அமெரிக்கப் பைன் மரங்கள் இப்புழுவோடு நெடுங்காலம் வாழ்ந்து தாங்கும் ஆற்றல் பெற்றவை; ஜப்பானிய மரங்களுக்கு அவ்வாற்றல் இல்லை. எனவே மர வணிகத்தின்மீது உலகின் கவனம் திரும்பியது. 1999இல் போர்ச்சுகலிலும் இப்புழு கண்டறியப்பட்டது. நாடு கடந்து செல்லும் மரப்பெட்டிகளை நடுப்பகுதிவரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து முத்திரையிட வேண்டும் என்னும் பன்னாட்டு நெறி 2002இல் ஏற்கப்பட்டதற்கு இத்தகைய உயிர்களே காரணம்.

பிழையாக இனங்காண்பதும் கேடே. 1979இல் விவரிக்கப்பட்ட ‘மியூக்ரோனேட்டஸ்’ என்னும் நெருங்கிய உறவினம் பெரும்பாலும் மரத்தைக் கொல்வதில்லை. அதன் பெண்புழுவின் வாலில் சிறு முள் உண்டு. கொல்லும் இனத்தின் வால் பொதுவாக உருண்டையானது. சில அமெரிக்கப் புழுக்களின் வாலிலும் முள் காணப்படுவதால், இன்று மரபணுச் சோதனையும் உடன் செய்யப்படுகிறது. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் நல்ல காடு வீணே வெட்டப்படும். அன்றேல் நோய் தடையின்றிப் பரவும்.

மாணவர் மனங்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1981இல் அம்முடிவை வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் நால்வருள் மாமியாவும் ஒருவர். தாம் சூட்டிய பெயரைத் தாமே விலக்க அவர் தயங்கவில்லை. அறிவு ஓர் அமானிதம். தம் பெயர் நிலைப்பதைவிட உண்மை நிலைப்பதை விரும்புவோரிடமே அது பாதுகாப்பாக இருக்கும். அத்தகைய நெஞ்சத்தை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!