முழங்கால் வலிக்குது டாக்டர்... கோளாறு சைக்கிள் சீட்டில்!

"டாக்டர், ஏதாவது தைலம் கொடுங்க. முழங்கால் விண்விண்ணுன்னு தெறிக்குது!"

ஆவடியிலிருந்து வந்தவர். வயது 52. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. சர்க்கரை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும், "பஸ்ஸை விடுங்க, சைக்கிளை எடுங்க" என்று சொல்லி அனுப்பியதே நான்தான். மூன்றே வாரத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். கூடவே, "வலது கை சுண்டு விரலும் மரத்துப் போகுது" என்று இன்னொரு புகார்.

"சைக்கிள் வெளியேதானே நிக்குது? வாங்க, பார்ப்போம்" என்று எழுந்து போனேன். மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த கியர் சைக்கிள். சீட்டு அடிமட்டத்தில் கிடந்தது. அதன் மேல் தலையணை மாதிரி ஒரு ஜெல் உறை. அவர் ஏறி மிதித்தால், முழங்கால் மார்பில் இடிக்காத குறை!

வாத கேசரித் தைலம் கொடுத்தேன். சீட்டை உயர்த்தாமல் தைலத்தை மட்டும் தடவிப் பிரயோஜனம் இல்லை என்றும் சொன்னேன்.

இப்படி நிறையப் பேர் வருகிறார்கள். "சீட்டு எங்கே வாங்கலாம்? லைட்டு எங்கே கிடைக்கும்? ஆன்லைனில் நம்பி வாங்கலாமா?" என்று என்னையே கேட்கிறார்கள். ஒரு வேடிக்கை பாருங்கள். நம்ம அம்பத்தூரில்தான் டி.ஐ. சைக்கிள்ஸ் பிறந்தது. 1949-ல் தொடங்கிய கம்பெனி. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இங்கிருந்துதான் ஊர் ஊராகப் போயின. சைக்கிளுக்கான இரும்புக் குழாய்க்கு ஆவடியில் 1955-ல் டியூப் ப்ராடக்ட்ஸ், செயினுக்கு அம்பத்தூரில் 1960-ல் டைமண்ட் செயின். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரர்கள், இன்று ஒரு பெல் வாங்க மொபைலைத் தடவிக்கொண்டிருக்கிறோம்!

அது தப்பில்லை. ஆனால், வாங்கும் முன் உங்கள் உடம்பையும் சைக்கிளையும் அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் காசு செலவில்லாத வைத்தியம். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். பெடல் ஒன்றை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, குதிகாலை அதன் மேல் வையுங்கள். கால் நேராக நிற்க வேண்டும். அந்த உயரத்தில் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரி. சீட்டு தணிந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்திருந்தால் பின்பக்கம் இழுக்கும். ஒரு ஸ்பேனர் போதும், பாதிப் பேருக்குப் புது சாமானே வேண்டாம்.

சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போவது, உள்ளங்கை ஓரமாக ஓடும் நரம்பு ஹேண்டில் பாரில் நசுங்குவதால். சீட்டின் மூக்கு கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் உடம்புப் பாரம் முழுக்கக் கையில்தான் இறங்கும். சீட்டை மட்டமாக்கி, ஹேண்டிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். அப்புறம்தான் மெத்தை வைத்த கையுறை. அதன் பிறகும் மரமரப்பு போகவில்லையென்றால் சும்மா இருக்காதீர்கள். சர்க்கரைக்காரர்களுக்கு அது நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீட்டு வாங்கும்போதுதான் பலர் ஏமாறுகிறார்கள். மெத்தென்று இருந்தால் சுகம் என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறு! நாம் உட்காருவது பின்புறத்தில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில். சீட்டு ரொம்ப மெதுவாக இருந்தால் அந்த முனைகள் உள்ளே அமுங்கி, நடுப்பகுதி மேலே அழுத்தும். ஆசனவாய்க்கு முன்னால் உள்ள நரம்புகள் நசுங்கி, அந்த இடமே மரத்துப் போகும். மூலத் தொந்தரவு உள்ளவர்கள் என்னிடம் வந்து புலம்புவதும் இதனால்தான்.

அளவு எடுக்க ஒரு சுலபமான வழி. நெளிநெளியாக இருக்கும் பார்சல் அட்டை ஒன்றைத் தட்டையான பெஞ்சில் போட்டு, அதன் மேல் ஒரு நிமிஷம் நிமிர்ந்து உட்கார்ந்து எழுந்திருங்கள். இரண்டு குழிகள் தெரியும். அவற்றின் நடுவே உள்ள தூரத்தை அளந்து, அதைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகலமான சீட்டைத் தேடுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு அகலமான ஸ்பிரிங் சீட்டு நல்லது. குனிந்து ஓட்டுவதற்குச் சற்று ஒடுக்கமானது, நடுவில் பள்ளம் உள்ளது.

சரி, எங்கே வாங்குவது? சீட்டு, லைட்டு, ஹெல்மெட், கையுறை, பூட்டு இவற்றை டெகாத்லான், அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களில் பார்க்கலாம். டெகாத்லானுக்குக் கடைகளும் உண்டு. நேரில் போய்ச் சீட்டை அழுத்திப் பார்க்கலாம், ஹெல்மெட்டை மாட்டிப் பார்க்கலாம். கியர் சைக்கிளின் பிரேக் கட்டை, செயின் போன்றவை தெருக்கடையில் எப்போதும் கிடைப்பதில்லை. அவற்றுக்கும் ஆன்லைன் சௌகரியம்.

ஆனால் பழைய கறுப்புச் சைக்கிளா? ஆன்லைன் பக்கமே போகாதீர்கள். 28 அங்குல டயர், காட்டர் பின், வால்டியூப் எல்லாம் மெயின் ரோடு சைக்கிள் கடைக்காரரிடம் ஒற்றையாகக் கிடைக்கும், அவரே மாட்டியும் கொடுப்பார். ஐந்து ரூபாய்ச் சாமானுக்கு ஐம்பது ரூபாய் அனுப்புக் கூலி எதற்கு?

நானே ஒருமுறை பட்டிருக்கிறேன். 26 அங்குல டயர் வேண்டும் என்று ஒரு தளத்தில் ஆர்டர் செய்தேன். 26 தான் வந்தது, ஆனால் ரிம்மில் ஏறவே இல்லை! '26' என்ற பெயரிலேயே வேறு வேறு அளவுகள் உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. டயரின் பக்கவாட்டில் கோடு போட்டு இரண்டு எண்கள் இருக்கும். பட்டையான மலைச் சைக்கிள் டயரில் கடைசி எண் 559. 26 x 1 3/8 என்று போட்ட மெல்லிய டயரில் 590. கறுப்புச் சைக்கிளின் 28 x 1½ டயரில் 635. இந்த மூன்று இலக்க எண் ஒத்துப்போனால்தான் டயர் ஏறும். ஆர்டர் போடும் முன் அதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வால்விலும் இதே கூத்துதான். பழைய சைக்கிளில் வால்டியூப் போடும் வால்வு. கியர் சைக்கிளில் பெரும்பாலும் பைக் டயர் மாதிரி வால்வு. ரேஸ் சைக்கிளில் மெல்லிய பென்சில் முனை மாதிரி ஒன்று. பம்ப்பு வாங்கினால் உங்கள் வால்வுக்குப் பொருந்துமா என்று பாருங்கள்.

லைட்டு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஷிப்டு முடிந்து சி.டி.எச். ரோட்டில் ராத்திரி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். பூந்தமல்லி – ஆவடி ரோட்டிலும் லாரிகளுக்குக் குறைவில்லை. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, சக்கரக் கம்பியில் ரிப்ளெக்டர், மூன்றும் கட்டாயம். மற்றவர்கள் நம்மைப் பார்க்கச் சின்ன லைட்டு போதும். நாம் பள்ளத்தைப் பார்க்க 300 லூமனுக்கு மேல் வேண்டும். எதிரே வருபவர் கண் கூசாதபடி கீழே சாய்த்துப் பொருத்துங்கள்.

ஹெல்மெட்டில் ஐ.எஸ். 4151 என்று இருந்தால் அது மோட்டார் சைக்கிளுக்கு. நம் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு மிதிக்க முடியாது. சைக்கிளுக்கானதில் ஈ.என். 1078 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். புருவத்துக்கு ஒரு விரல் மேலே தலையைச் சுற்றி அளந்த சென்டிமீட்டர் கணக்குதான் உங்கள் சைஸ்.

விலையிலும் ஒரு நல்ல சேதி. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரிபாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பில்லைச் சரிபாருங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீட்டுப் பிள்ளைகளை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மாற்றித் தர மறுத்தால், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அதற்கும் மசியவில்லையா? தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஒன்று மறந்துவிட்டேனே! சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் கேரியர் பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் படபடப்பு, வியர்வை வந்தால் இறங்கி உட்கார்ந்து உடனே வாயில் போட வேண்டும். நெஞ்சு வலிக்காரர்கள் முதலில் இதயத்தைப் பரிசோதித்துவிட்டு, பிறகு சைக்கிளைத் தொடுங்கள்.

போன வாரம் அந்த ஆவடிக்காரர் வந்திருந்தார். முழங்கால் பற்றிப் பேச்சே இல்லை. ஜெல் உறையைப் பேரப் பிள்ளை விளையாட எடுத்துக்கொண்டானாம். "மழை வருது டாக்டர், சட்டையெல்லாம் சேறு. மட்கார்டு எந்த அளவு வாங்கட்டும்?" என்று கேட்டார். டயரைவிட அகலமாக இருக்க வேண்டும் என்று சொல்லி, டயர் எண்ணைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.