உங்க கிட்டாருக்குத் தொப்பை விழுந்திருக்கா? சேடிலைத் தேய்க்கும் முன் இதைப் படிங்க!

கோடையில் சுலபமாக அழுந்திய கம்பிகள், மழைக்காலம் வந்ததும் விரலை அறுக்கின்றன. 'பார்' கார்டு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. கிட்டாரைத் திருப்பிப் பார்த்தால் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக உப்பியிருக்கிறது.

உடனே பலரும் செய்வது, பிரிட்ஜில் கம்பிகள் உட்காரும் வெள்ளைப் பட்டையான சேடிலைக் கழற்றி, உப்புத்தாளில் தேய்த்து உயரத்தைக் குறைப்பது. கொஞ்சம் பொறுங்க! காற்றில் ஈரம் குறைந்ததும் பலகை தானாக இறங்கிவிடலாம். தேய்த்த சேடில் திரும்ப வளராது. அப்புறம் கம்பிகள் ஃப்ரெட்டில் உரசி 'ஜர்ர்'னு சத்தம் போடும்.

ஏன் உப்புகிறது?

ஸ்டீல் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுக்கின்றன. ஓர் ஆளின் எடை! அதை ராத்திரி பகலாகத் தாங்குவது சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையும், அதன் அடியில் ஒட்டிய 'பிரேஸ்' எனும் மரச்சட்டங்களும்தான். இழுவை பிரிட்ஜை முன்பக்கமாகக் கவிழ்க்கப் பார்க்கும். அதனால் பிரிட்ஜுக்குப் பின்னால் மேடும், சவுண்ட் ஹோல் பக்கம் பள்ளமும் விழும்.

இதோடு ஈரமும் சேர்கிறது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் அகலவாக்கில் விரியும். ஓரங்கள் ஒட்டப்பட்டிருப்பதால் பக்கவாட்டில் போக வழியில்லை, மேலே எழும்புகிறது. கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவிகிதம். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இது சாதாரணமாக 80 சதவிகிதத்தைத் தாண்டும்.

வீட்டிலேயே நான்கு டெஸ்ட்

1. ஸ்கேல்: பிரிட்ஜுக்குப் பின்னால், பலகையின் குறுக்கே நீளமான ஸ்கேலை வையுங்கள். பெரும்பாலான கிட்டார்கள் லேசான வளைவோடுதான் செய்யப்படுகின்றன. எனவே நடுவில் தொட்டு, ஓரங்களில் 2 - 3 மி.மீ. இடைவெளி இருந்தால் பயப்பட வேண்டாம். அளவைக் குறித்துவைத்து, அடுத்த மாதம் மீண்டும் பாருங்கள்.

2. பேப்பர்: பிரிட்ஜின் பின் விளிம்பில் மெல்லிய பேப்பரைச் செருகிப் பாருங்கள். உள்ளே நுழைந்தால் ஒட்டு விடுகிறது என்று அர்த்தம்.

3. தட்டல்: விரல் முட்டியால் பலகையை ஆங்காங்கே மெதுவாகத் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் 'கடகட'வென அதிர்ந்தால் உள்ளே பிரேஸ் கழன்றிருக்கலாம். டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் இருந்தால் சவுண்ட் ஹோல் வழியாகவே பார்த்துவிடலாம்.

4. நெக்: தடித்த கம்பியை 1-வது, 14-வது ஃப்ரெட்டில் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் விசிட்டிங் கார்டு நுழையும் அளவே இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் என்றால் நெக்கும் வளைந்திருக்கிறது. அதை ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்யலாம்.

மழையில் ஏறி, வெயிலில் இறங்கினால் அது ஈரத்தின் வேலை. பருவம் மாறியும் இறங்காமல், மாதாமாதம் மேடு கூடிக்கொண்டே போனால், அல்லது பிரிட்ஜோ பிரேஸோ விட்டிருந்தால், கம்பிகளைத் தளர்த்திவிட்டு ரிப்பேர் செய்பவரிடம் கொண்டுபோங்கள். ஆரம்பத்தில் போனால் பசை போட்டு இறுக்குவதோடு முடியும். தள்ளிப்போட்டால் பலகையே பிளக்கலாம்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வெளிநாட்டு வீடுகளில் பலகை காய்ந்து உள்வாங்கும். ஃப்ரெட் முனைகள் கையைக் குத்தும். அங்கே கிட்டாருக்கு ஈரம் கொடுக்க வேண்டும்.

வராமல் தடுக்க...

* வாசித்து முடித்ததும் கேஸில் வைத்து மூடுங்கள். மழைக்காலத்தில் உள்ளே சிலிகா ஜெல் பாக்கெட் போடுங்கள். கூடவே சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் வைத்தால் ஈரப்பதம் எவ்வளவு என்று தெரியும். 40 சதவிகிதத்துக்குக் கீழே போனால் சிலிகா ஜெல்லை எடுத்துவிடுங்கள்.
* வெயிலில் நிற்கும் காருக்குள் கிட்டாரை விடவே கூடாது. சூட்டில் பசை இளகும்.
* ஏசி காற்று நேராகப் படும் இடமும், மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம்.
* தடித்த கம்பிக்குப் பதில் 'லைட்' செட் போடுங்கள். நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிட்டாரில் ஸ்டீல் கம்பி கூடவே கூடாது. சுமார் 40 கிலோ இழுவைக்குச் செய்த உடம்பு அது.
* பரீட்சை, வெளியூர் என்று மாதக்கணக்கில் தொடப்போவதில்லையா? சுருதியை ஒரு முழு ஸ்வரம் இறக்கி வையுங்கள்.

பழைய கிட்டார் வாங்கப் போகும்போதும் ஸ்கேலும் பேப்பரும் பாக்கெட்டில் இருக்கட்டும். பாலிஷ் பளபளப்பு சொல்லாததை அவை இரண்டும் சொல்லிவிடும்!