உங்களுக்குத் தெரியுமா? 22 நொடியில் ஒரு லிட்டர் காலி!

வரிச்சிக்குடி எங்கே இருக்கிறது தெரியுமா? காரைக்காலில்! வடக்கே போனால் தரங்கம்பாடி, தெற்கே போனால் நாகூர். இரண்டுமே தமிழ்நாடு. நடுவில் இருக்கிற இது மட்டும் புதுச்சேரி! வரி குறைவு, அதனால் பெட்ரோல் விலையும் குறைவு. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து டேங்க்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள்! (வேறொரு திரவத்துக்காகவும் வருகிறார்கள். பொறுங்கள், அதுவும் கீழே வருகிறது!)

காரைக்கால் வண்டியின் பதிவெண் பி.ஒய்.02-இல் தொடங்கும். புதுச்சேரியில் வாகன வரியும் குறைவு. புதுச்சேரி முகவரி கொடுத்துப் பதிவு செய்த சொகுசு கார்களால் 2017-இல் கேரளாவே அமளிதுமளிப்பட்டது! அங்கே விலையுயர்ந்த காருக்கு வரி 20 சதவீதம்வரை!

எண்ணெய் எடுக்கும் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் பிரிவு (காவிரி அசெட்) அலுவலகம் காரைக்கால் நிரவியில்தான். நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில் 1993-இல் சுத்திகரிப்பு ஆலை வந்தபோது அதன் அளவு ஆண்டுக்கு 5 லட்சம் டன். இப்போது அங்கே திட்டமிட்டிருக்கும் புதிய ஆலைக்கு 90 லட்சம் டன். 18 மடங்கு!

சரி, இந்தப் பெட்ரோலைக் குடிக்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு வருவோம். வேகம் கூட்ட டர்போ மாற்றுகிறார்கள். சைலன்ஸர் மாற்றுகிறார்கள். ஸ்டிக்கர்கூட ஒட்டுகிறார்கள். பெட்ரோல் வரும் வழியை மாற்றாவிட்டால் அத்தனை செலவும் வீண்!

ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 5 முதல் 6 மில்லி பெட்ரோல் வேண்டும். 500 குதிரைத்திறன் காரில் ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்துப் பாருங்கள். ஒரு லிட்டர் தீர ஏறக்குறைய 22 நொடி!

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய எவ்வளவு காற்று வேண்டும்? 14.7 கிராம்! டர்போ காற்றைக் கூட்டித் தள்ளிவிடும். ஈடான பெட்ரோல் வராவிட்டால் பிஸ்டனே உருகி ஓட்டை விழும்!

எஞ்சின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது பெட்ரோலை உள்ளே விடும் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நொடிக்கு 50 தடவை பீய்ச்சுகிறது. ஒரு தடவைக்குக் கிடைக்கும் நேரம் 20 மில்லி செகண்ட். அதையும் முழுசாகப் பயன்படுத்த விடமாட்டார்கள் கெட்டிக்கார மெக்கானிக்குகள். 80, 85 சதவீதம் தாண்டினால் பெரிய இன்ஜெக்டர்தான்!

டொயோட்டா சுப்ராவின் புகழ்பெற்ற 3 லிட்டர் டர்போ எஞ்சினில் ஜப்பான் காருக்கு நிமிடத்துக்கு 440 சி.சி. பீய்ச்சும் இன்ஜெக்டர், அமெரிக்கக் காருக்கு 550 சி.சி.! டொயோட்டா வெளியே சொன்ன குதிரைத்திறன் ஜப்பானில் 280, அமெரிக்காவில் 320!

இன்ஜெக்டர் மாற்றாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். ஏற்றலாம். ஆனால் இரண்டு மடங்கு பெட்ரோல் வர நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும்! 3 பார் இருந்த இடத்தில் 12 பார்!

பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் புதுக் கார்களில் அழுத்தம் 350 பார்வரை போகிறது. வங்கக் கடலில் 3,500 மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் அது!

டேங்க்குக்குள் மூழ்கியிருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பது எது? அதைச் சுற்றியிருக்கும் பெட்ரோலேதான்! எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களே, காதில் விழுந்ததா?

வேகமாக வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் வெறும் காற்றை உறிஞ்சும். ஒரே நொடி போதும், எஞ்சினுக்கு ஆபத்து! அதனால்தான் பந்தயக் காரில் பெரிய டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே குட்டி டேங்க் ஒன்று. அதில் மட்டும் எப்போதும் பெட்ரோல் தளும்பி நிற்கும்!

இதே தொல்லை ஆகாயத்திலும் இருந்தது! இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானம் தலைகுப்புறப் பாய்ந்தால் எஞ்சின் இருமும், திக்கும், சில சமயம் நின்றேபோகும். ஜெர்மன் விமானத்தில் இருந்தது இன்ஜெக்‌ஷன், அதற்குக் கவலையே இல்லை! 1941-இல் இதைச் சரிசெய்தவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். அவர் கண்டுபிடித்தது என்ன? நடுவில் துளை போட்ட சின்னஞ்சிறு பித்தளை வில்லை! விமானத் தளம் தளமாகப் போய் மாட்டினார்கள். எரிபொருள் அமைப்பில் இதைவிடச் சிக்கனமான மாற்றத்தை நான் கேள்விப்பட்டதில்லை!

அந்த அம்மையார் பைக் பந்தய வீராங்கனையும்கூட. புரூக்லண்ட்ஸ் பாதையில் நார்ட்டன் பைக்கை மணிக்கு 106 மைலில் பறக்கவிட்டவர். நம் கணக்கில் 170 கிலோமீட்டர்!

அந்த ஜெர்மன் விமான இன்ஜெக்‌ஷன் போருக்குப் பிறகு ரோட்டுக்கு இறங்கியது. 1954-இல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.! சாவியைத் திருப்பி அணைத்தாலும் எஞ்சின் நிற்கும்வரை அதன் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டேதான் இருக்கும். சிலிண்டரில் இருந்த எண்ணெயைக் கழுவித் தள்ளிவிடும்!

இப்போது அந்த 'வேறொரு திரவம்'! காரைக்காலுக்கு எதற்காகச் சிலர் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்களோ, அதிலிருக்கும் எத்தனாலைத்தான் இன்று உங்கள் காரும் குடிக்கிறது! 2014-இல் நம் பெட்ரோலில் எத்தனால் வெறும் 1.5 சதவீதம். 2025-இல் 20! முதலில் வைத்திருந்த கெடு 2030!

ஒரு கிராம் எத்தனாலுக்கு 9 கிராம் காற்றே போதும். அப்படியென்றால் அதே காற்றுக்குக் கூடுதல் எத்தனால் ஊற்ற வேண்டும்! 85 சதவீத எத்தனாலுக்கு மாறும் காருக்கு 30 சதவீதத்துக்கும் மேல் பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர். பழைய ரப்பர் குழாய் உப்பிப்போகும், அதையும் மாற்றணும். அப்புறம் ஏன் பந்தயக்காரர்கள் இதற்கு உயிரை விடுகிறார்கள்? ஆக்டேன் 100-ஐத் தாண்டுகிறதே!

100 ஆக்டேன் பெட்ரோல்தான் வேண்டும் என்பவர்களுக்காக இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் எக்ஸ்.பி.100 கொண்டுவந்தது. அன்றைய டெல்லி விலை லிட்டர் 160 ரூபாய்!

எத்தனாலின் உறவுக்காரன் மெத்தனால் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீயே தெரியாது! 1981-இல் இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் மெத்தனால் சிந்தி, கார் ஓட்டிய ரிக் மியர்ஸ் உடலில் தீப்பற்றியது. சுற்றி நின்றவர்களில் பலருக்கு அவர் ஏன் துள்ளுகிறார் என்றே புரியவில்லை!

பெயின்ட் தின்னரில் வரும் டொலுயீன் தெரியும்தானே? 1988-இல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் எரிபொருளில் அது 84 சதவீதம்! எளிதில் ஆவியாகாது என்பதால் சூடாக்கி எஞ்சினுக்குள் அனுப்பினார்கள். அந்த ஆண்டு மெக்லாரன்-ஹோண்டா ஜெயித்தது 16 பந்தயங்களில் 15!

கோவை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் நுழைந்தது 2005. அதே ஆண்டு பி.ஏ.ஆர். அணிக் காரின் பெட்ரோலை முழுசாக வடித்துவிட்டுக் காரை எடை போட்டார்கள். இருக்க வேண்டியது 600 கிலோ. இருந்தது 594.6! டேங்க்குக்குள்ளே இன்னொரு டேங்க்! இரண்டு பந்தயங்களுக்குத் தடை!

இந்த மாதிரித் தந்திரங்களில் எல்லாருக்கும் குரு அமெரிக்காவின் பந்தயக் கார் மெக்கானிக் ஸ்மோக்கி யூனிக். விதிப்புத்தகம் டேங்க்கின் அளவைத்தான் கட்டுப்படுத்தியது, குழாயைப் பற்றி மூச்சே விடவில்லை. மனிதர் 11 அடி நீளத்துக்கு 2 அங்குலக் குழாய் போட்டுவிட்டார்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழாய்க்குள் மட்டும் சுமார் 6.8 லிட்டர்!

நம் ஊர்க் கதையும் உண்டு. கோவை எஸ். கரிவரதன் 1988-இல் மாருதி 800-இன் எஞ்சினையும் பாகங்களையும் வைத்தே பந்தயக் கார் செய்தார். பெயர் ஃபார்முலா மாருதி! நரேன் தன் முதல் பந்தயத்திலேயே மேடையேறியது இந்தக் காரில்தான்!

அந்த மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சின் கார்புரேட்டர் காலத்தில் கொடுத்தது 37 குதிரைத்திறன். இன்ஜெக்‌ஷனும் 12 வால்வும் வந்த பிறகு 45!

புகாட்டி வேரான் உச்ச வேகத்தில் போனால் 100 லிட்டர் டேங்க் 12 நிமிடத்தில் காலி. மணிக்கு 400 கிலோமீட்டர் என்று வைத்தால் 80 கிலோமீட்டர்தான் ஓடும். வரிச்சிக்குடியில் கிளம்பினால் தஞ்சாவூர்கூட வராது!

இதெல்லாம் தூசு! அமெரிக்காவின் டாப் ஃப்யூவல் கார் 305 மீட்டர் ஓடுகிறது. நேரம் 4 நொடிக்கும் குறைவு. டயரைச் சூடேற்றுவதில் தொடங்கி ஓடி முடிப்பதற்குள் குடிப்பது ஏறக்குறைய 40 லிட்டர்! அதன் பம்ப் நிமிடத்துக்குத் தள்ளக்கூடியது சுமார் 380 லிட்டர்!

கை துறுதுறுக்கிறதா? கொஞ்சம் நில்லுங்கள்! கம்பெனி கொடுத்த வடிவத்தை அனுமதியில்லாமல் மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம்வரை சிறை, அல்லது இரண்டுமே! பி.ஒய்.02-க்கும் சலுகை கிடையாது!

ஆசை அடங்காதவர்களுக்குப் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. கோவை செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே 2.1 கிலோமீட்டர். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர். உங்கள் 500 குதிரைகளை அங்கே அவிழ்த்துவிடுங்கள்!