நாலில் ஒன்றைக் கழற்று!

காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவரா நீங்கள்? ஒரு ரகசியம் சொல்லட்டுமா? அந்த மாத்திரை, விழுங்கிய கோலத்திலேயே இருந்தால் பெரிதாக ஒன்றும் கிழித்துவிடாது! அதிலிருப்பது தைராக்சின் என்ற ஹார்மோன், செல்லமாக டி4. நான்கு அயோடின் அணுக்களைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் சுற்றிவரும். அதில் ஒன்றை யாராவது கழற்றிவிட்டால்தான் அது டி3 ஆகும். செல்லுக்குள் புகுந்து நிஜமாக வேலை வாங்குவது இந்த டி3தான்.

தைராய்டு சுரப்பியே வேலை செய்யாதவர்களுக்கு வெறும் டி4 கொடுத்தபோது, ரத்தத்தில் டி3 தென்பட்டது. 1970இல் பிரேவர்மேன், இங்பர், ஸ்டெர்லிங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டியது இது. அப்படியானால் கழற்றுகிற பட்டறை சுரப்பிக்கு வெளியே இருக்கிறது!

வாங்க, பின்வாசல் வழியாக எட்டிப் பார்ப்போம். அங்கே இருப்பவர் டீஅயோடினேஸ் என்ற நொதி. ஒருவரல்ல, மூவர். ஹார்மோனில் இரண்டு வளையங்கள் உண்டு. வெளி வளையத்தில் கழற்றினால் டி3. உள் வளையத்தில் கை வைத்தால் போச்சு, ஹார்மோன் செல்லாக்காசு! ஈரலிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் முதலாமவர் இரண்டிலும் கை வைப்பார். மூளையில் இருக்கும் இரண்டாமவர் வெளி வளையத்தோடு சரி. மூன்றாமவருக்கு உள் வளையம்தான் குறி. வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நஞ்சுக்கொடியில் உட்கார்ந்து, தாயின் ஹார்மோன் சிசுவிடம் அளவுக்கு மீறிப் போகாமல் மறிப்பவர் இவரே.

இப்போது அவர்கள் கையைப் பாருங்கள். செலினியம்! 1991இல் மார்லா பெர்ரியும் லார்சன் குழுவினரும் முதலாமவரிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். கூத்து என்னவென்றால், மரபுக் குறியீட்டில் 'யுஜிஏ' என்று வந்தால் வழக்கமாகப் புரதம் கட்டுவதை நிறுத்திவிட வேண்டும். இங்கேயோ ஆர்என்ஏவின் வால்பக்கம் கொண்டை ஊசிபோல் மடிந்த ஒரு பகுதி நின்றுகொண்டு, 'நிறுத்தாதே, செலினியம் உள்ள அமினோ அமிலத்தை வை' என்கிறது. நிறுத்தற்குறியையே ஏமாற்றிப் பிறந்த நொதி, எவ்வளவு துணிச்சல்!

இரண்டாமவருக்கு ஆயுள் மட்டும் கம்மி. டி4 நிறைய வந்து குவிந்தால், அந்த டி4ஆலேயே அழிவு முத்திரை விழுந்து சீக்கிரம் சிதைந்துபோவார். டி3 வரம்பு மீறாமல் இருக்க இப்படியும் ஒரு பூட்டு.

தவளைக்குஞ்சு தவளையாக உருமாறும்போதும் இந்தக் கூட்டணிதான். உடம்பெங்கும் ஓடுவது ஒரே ரத்தம். ஆனால் பின்னங்கால் முளைக்கிற இடத்தில் இரண்டாமவர் முன்கூட்டியே ஆஜர். வாலைக் கரைக்க அங்கே வருவது கடைசியில்தான். கால் தேறும்வரை நீந்த வால் வேண்டாமா!