தூசியைத் தட்டாதீர்கள், துடைத்தெடுங்கள்!

சோளகம் எழும்பிவிட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஒரு வேலை கூடிவிடும். வைகாசியிலிருந்து ஆவணி வரை வீசும் அந்தக் காற்று, வலிகாமத்துச் செம்மண்ணை அள்ளிவந்து யன்னல் கம்பி, அலுமாரியின் மேற்பக்கம், சுவரில் கொழுவிய படம் என்று ஒன்றும் விடாமல் பூசிவிடும். காலையில் துடைத்த மேசையில் பின்னேரம் விரலால் பெயர் எழுதலாம். வன்னியில் கிரவல் வீதியோரம் குடியிருக்கும் சகோதரிகளுக்கோ ஒவ்வொரு வாகனமும் ஒரு புழுதி மழை.

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வன்னி, பிறகு முகாம் என்று அலைந்து, 2015 இல் காணிகளில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தோம். இன்னும் பூசி முடியாத சுவர். ஒரு யன்னலுக்குக் கதவு இல்லை, தறப்பாள்தான். என்னோடு இருக்கும் அம்மாவுக்குத் தொய்வு. அக்காவின் மகள் 2009 இல் ஷெல் வீச்சில் வலது கையை இழந்தவள். ஆகவே எங்கள் வீட்டில் தூசி துடைப்பது அழகுக்கான வேலை அல்ல. அம்மா இரவில் நித்திரை கொள்வதும், பிள்ளை தன் அறையைத் தானே பார்த்துக்கொள்வதும் அதில்தான் இருக்கிறது.

இதற்காகக் கடையில் ஒன்றும் வாங்கவில்லை. உடுப்புத் தோய்க்கும் இடத்தில் கிழியலாய்க் கிடந்தவைதான் உதவின. உங்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

தட்டினால் எங்கே போகும்?

காய்ந்த துணியால் தட்டினால் மேசை துப்புரவாகத் தெரியும். ஆனால் தூசி வீட்டை விட்டுப் போவதில்லை. பெரிய மண் துகள் கீழே விழும். மெல்லிய தூசி நெடுநேரம் காற்றில் மிதந்து, நம் மூச்சுக்குள் போகும். மிச்சம் திரும்பவும் மேசையில் படியும்.

வீட்டுத் தூசியில் மண் மட்டுமல்ல, நூல் பிசிறு, அடுப்புக் கரி, பூஞ்சணம், நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் எல்லாம் உண்டு. அந்தத் தோலைத் தின்று வாழும் மிகச் சிறிய பூச்சிகளும் உண்டு. ஒரு மில்லிமீற்றரில் பாதிக்கு மேல் அவை வளர்வதில்லை. மெத்தை, தலையணை, துணி மூட்டைகளில் இருக்கும். கடிக்கமாட்டா. ஆனால் அவற்றின் எச்சம் மூச்சோடு உள்ளே போனால் தொய்வு உள்ள பலருக்கு முட்டு எழும்பும்.

ஆகவே தூசியை எழுப்பாமல் துணியிலேயே பிடிக்க வேண்டும். துணியை நனைத்து, சொட்டு விழாதபடி இறுக்கிப் பிழிந்து துடைத்தால் ஈரத்தில் தூசி ஒட்டிக்கொள்ளும். உடுப்பு அலசிய கடைசித் தண்ணீரே இதற்குப் போதும்.

எந்தக் கிழியல் எதற்கு?

பழைய பெனியனும் ரீசேட்டும் மிக நல்லவை. பலமுறை தோய்த்த பருத்தி மென்மையாகி நன்றாக ஈரம் உறிஞ்சும், புதுத் துணிபோல் பிசிறு விடாது. கண்ணாடிக்கும் படங்களுக்கும் இவையே ஏற்றவை.

சாறத்தை ஓர் அடிச் சதுரங்களாக வெட்டுங்கள். நைந்த இடத்தைக் கழித்தாலும் ஒன்றில் பன்னிரண்டு துண்டுக்குக் குறையாது. ஒரு துண்டை இரண்டாக மடித்து, திரும்பவும் இரண்டாக மடித்தால் துடைப்பதற்கு எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் ஊத்தையானதும் மற்றதைத் திருப்புங்கள். அடிக்கடி எழும்பிப் போய் அலச வேண்டியதில்லை. தண்ணீர் அள்ளி வரும் வீடுகளில் இது பெரிய மிச்சம்.

துவாய்த் துண்டு சொரசொரப்பானது. யன்னல் கட்டு, கதவு நிலை, மண் இறுகிய மூலை ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சொக்ஸ் குதியில் கிழிந்தால் எறியாதீர்கள். கையுறை போலக் கையில் போட்டு நனைத்துக்கொண்டால் கதிரைக் கால், கட்டில் சட்டம், யன்னல் கம்பி எல்லாவற்றையும் பிடித்து ஒரே இழுவையில் துடைக்கலாம். ஒரு தடியின் நுனியில் போட்டுக் கட்டினால் அலுமாரியின் அடியிலும் பின்னாலும் போகும்.

தலையணை உறை மின்விசிறிக்கு. சுவிட்சை நிறுத்தி, விசிறி முற்றாக நின்ற பிறகு, உறையை ஒரு தகட்டில் மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து மெல்ல வெளியே இழுங்கள். தூசி படுக்கையில் கொட்டாமல் உறைக்குள் விழும். பின் வெளியே கொண்டுபோய் உதறாமல் தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

நைலோன், பொலியெஸ்ரர் துணிகள் தண்ணீரை நன்றாக உறிஞ்சமாட்டா. அவற்றைத் துடைக்கும் துணியாக எடுக்காமல், தோய்த்த மெத்தையையோ தையல் மெசினையோ தூசி படாமல் மூட வைத்துக்கொள்ளலாம்.

வெட்டும்போது பொத்தான், கொக்கி, சிப் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அவை கண்ணாடியைக் கீறும். பொத்தான் தையல் பெட்டிக்கு உதவும்.

ஒன்று சொல்ல வேண்டும். பெட்டியில் இருக்கும் எல்லாப் பழைய உடுப்பையும் வெட்டச் சொல்லவில்லை. காணாமல் போனவரின் சாறமோ பிள்ளையின் சட்டையோ உங்களிடம் இருக்கலாம். அதைக் கிழியல் என்று மற்றவர் சொன்னாலும் அது கிழியல் அல்ல. பத்திரப்படுத்த விரும்பினால் தோய்த்து, நன்றாக வெயிலில் காயவிட்டு, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். தூசியும் பூஞ்சணமும் அண்டாது.

ஒரு கையாலும் முடியும்

ஒரு கையால் துணி பிழிவதுதான் கடினம் என்று அக்காவின் மகள் சொன்னாள். அவள் இப்போது நனைந்த துணியைக் குழாயின் கழுத்தில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு கையால் முறுக்குகிறாள். குழாய் இல்லாத வீட்டில் உறுதியாக நட்ட தடியிலோ கிணற்றடித் தூணிலோ இதையே செய்யலாம். சொக்ஸின் வாயில் நாடாவால் ஒரு வளையம் தைத்தால் பல்லாலோ ஆணியில் கொழுவியோ இழுத்துக் கையில் போடலாம்.

செயற்கைக் கால் போட்டவர்களும், இடுப்பு நோ உள்ளவர்களும் கதிரையில் ஏறி ஒட்டடை அடிக்க வேண்டாம். நீளத் தும்புத்தடியின் தலையில் ஈர ரீசேட்டைச் சுற்றிக் கட்டுங்கள். நிலத்தில் நின்றபடியே முகட்டு மூலைவரை எட்டும். ஒட்டடையும் துணியில் சுருண்டு வரும், தலையில் கொட்டாது.

எப்போதும் மேலிருந்து கீழே வாருங்கள். கூட்டுவது கடைசி வேலை. கூட்டுமுன் நிலத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். முட்டு உள்ளவரையும் குழந்தையையும் வேலை முடியும்வரை வெளியே நிழலில் இருத்துங்கள். தொலைக்காட்சி, வானொலி போன்றவற்றை வயரைக் கழற்றிவிட்டுக் காய்ந்த பெனியன் துணியால் மெல்லத் துடையுங்கள்.

அஸ்பெஸ்ரஸ் கூரை என்றால் கவனம்

எங்கள் பகுதிகளில் பல வீடுகளுக்கு அஸ்பெஸ்ரஸ் சீற்றுத்தான் கூரை. ஷெல் பட்டும் காற்றில் பறந்தும் உடைந்தவையும் உண்டு. எல்லா வகை அஸ்பெஸ்ரஸ் நாரும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே அந்தச் சீற்றைத் தும்புத்தடியால் உரசவோ, உடைந்த துண்டுகளைக் காய்ந்தபடி கூட்டவோ கூடாது. அதன் தூசி வீட்டுக்குள் விழுந்திருந்தால் முதலில் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியைத் தோய்த்துத் திரும்பப் பாவிக்க வேண்டாம். ஈரத்தோடு பையில் போட்டுக் கட்டி ஒதுக்குங்கள். எரிக்காதீர்கள், நார் நெருப்பில் அழியாது. மூக்கில் துணி கட்டினால் போதும் என்றும் நம்ப வேண்டாம், அந்த நார் துணியின் இழை வழியே போகும். கூரையிலேயே சீற் உடைந்திருந்தால் பிரதேச சபையிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்டு நடவுங்கள்.

துணியையும் பராமரிக்க வேண்டும்

தூசித் துணிகளைக் குழந்தை உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். முதலில் வெறும் தண்ணீரில் அலசி மண்ணைப் போக்கி, பின் சவர்க்காரம் போட்டு, கொடியில் விரித்து வெயிலில் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சணம் பிடித்து, அடுத்தமுறை அதையே வீடு முழுவதும் பூசுவோம். உடுப்புக்குப் போடும் வாசனைத் திரவத்தில் இவற்றை அலச வேண்டாம். துணி ஈரம் உறிஞ்சாது, கண்ணாடியில் மங்கல் படியும், அந்த வாசனையே சிலருக்கு முட்டைக் கொண்டுவரும். மண்ணெண்ணெய் தொட்ட துணியை அடுப்படியில் போடவே வேண்டாம்.

தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் கிழமைக்கு ஒருமுறை, 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடான தண்ணீரில் ஊறவிட்டுத் தோய்த்தால் நான் சொன்ன பூச்சிகள் சாகும். அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது, தடியால் அமிழ்த்துங்கள்.

இதெல்லாம் மருந்துக்குப் பதில் அல்ல. அம்மா இன்றும் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய், கொடுத்த மருந்தைத் தவறாமல் பாவிக்கிறார். தூசி குறைந்த அறை அந்த மருந்துக்குத் துணை, அவ்வளவுதான்.

சகோதரிகளே, வீடு முழுவதையும் ஒரே நாளில் துடைக்க வெளிக்கிடாதீர்கள். கூலி வேலைக்கும் போய், பிள்ளையையும் பார்த்து, வீட்டையும் தனியே சுமக்கும் எங்களுக்கு அது முடியாத காரியம். ஒரு பெனியன், ஒரு சோடி சொக்ஸ், ஒரு தலையணை உறை எடுத்து வையுங்கள். முதலில் படுக்கும் இடத்தைத் துடையுங்கள், இரவு முழுவதும் மூச்சு வாங்குவது அங்கேதான். மற்ற அறைகளை நாளுக்கு ஒன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.